துரைக்கண்ணு அண்ணன் அழிக்காத படங்கள்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு என் கைப்பேசியில் துரைக்கண்ணு அண்ணன் பெயர் வந்தது. எடுத்ததுமே, "எங்கண்ணா இருக்கீங்க? பிரிண்டருக்கு ஆளு வந்து ஒக்காந்துக்கினு இருக்காங்க" என்று சத்தம் போட்டேன். பேசியது அவர் மனைவி. "அவரு போயிட்டாரும்மா" என்றார். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவருக்கு நெஞ்சு அடைத்திருக்கிறது. நான் போனை வைத்துவிட்டு, கையிலிருந்த கீபோர்டில் மிச்சமிருந்த பொத்தான்களைத் துடைத்து மாட்டினேன். பிரிண்டருக்கு மை ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன். அதன் பிறகுதான் கடையைப் பூட்டினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. அழுகை இன்னும் வரவில்லை.

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையில் இருக்கும் எங்கள் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையை அறிந்தவர்களுக்கு, அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒரு விஷயம்தான் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் இருபது வருடம் ரைஸ் மில்லில் பாய்லர் பார்த்தவர். சின்ன வயதிலிருந்தே ரேடியோவைப் பிரிப்பதும் ஆம்ப்ளிஃபயர் கட்டுவதும்தான் அவருக்குப் பொழுதுபோக்கு. ஒருநாள் மில் ஆபீஸில் பில் போடும் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. சேலத்திலிருந்து வந்த மெக்கானிக், போர்டு போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அங்கே பில் போட்டுக்கொண்டிருந்தவள் நான். "மூடிய கொஞ்சம் தொறந்து பாக்கட்டுமா?" என்று தவிட்டுத் தூசியோடு அண்ணன் வந்து நின்றார். உள்ளே இரண்டு கெப்பாசிட்டர்கள் உப்பிக் கிடந்தன. பழைய டிவி ஒன்றிலிருந்து வேறு இரண்டைக் கழற்றி வந்து பற்றவைத்தார். திரையில் வெளிச்சம் வந்தபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "இதுவும் ரேடியோ மாதிரிதாம்மா. சிப்புக்குக் காலு கொஞ்சம் ஜாஸ்தி, அவ்ளோதான்" என்றார். நாற்பத்து மூன்று வயதில் மில் வேலையை விட்டார். தெருவே சிரித்தது. அடுத்த மாதம் நானும் விட்டுவிட்டு வந்து சேர்ந்துகொண்டேன். போர்டு அவர் பொறுப்பு, சாஃப்ட்வேர் என் பொறுப்பு.

எந்த மெஷின் வந்தாலும் சுவிட்ச் போடும் முன் குனிந்து முகர்ந்து பார்ப்பார். வந்தவர்கள் சிரித்தால், "மூக்கு சும்மாதானே இருக்குது" என்பார். பாதி நாள் அந்த மூக்கே கோளாறைச் சொல்லிவிடும்.

இனி அந்த விஷயம். ஆறு வருடத்துக்கு முன், வெள்ளிமலைப் பக்கமிருந்து சாமை விளைவிக்கும் ஒருவர், தன் மகளுக்குப் பள்ளியில் அரசு கொடுத்த லேப்டாப்பைக் கொண்டுவந்தார். மகள் காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள். "எம் பொண்ணு படம், அது பேசுனது எல்லாம் இதுலதாங்க இருக்குது. வேற எங்கியும் இல்ல" என்றார். அண்ணன் இரண்டே நாளில் அதை ஓட வைத்துவிட்டார். அன்று மேசையில் அதே மாதிரி அரசு லேப்டாப்புகள் நான்கு இருந்தன. ஒரே நிறம், ஒரே முத்திரை. துடைப்பதற்காகப் பெயர்ச் சீட்டுகளை எடுத்தவள், மாற்றி ஒட்டிவிட்டேன். வேறொருவர் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக விண்டோஸ் போடச் சொல்லியிருந்தார். அதை இந்தப் பெண்ணின் லேப்டாப்பில் செய்துவிட்டேன்.

அழித்தது நான். துரைக்கண்ணு அண்ணன் இல்லை.

மூன்று நாள் அவர் மீட்கப் பார்த்தார். உடைந்த துண்டுகள் வந்தன, ஒரு முகம்கூட வரவில்லை. அந்தத் தகப்பன் வந்தபோது, நான் வாய் திறக்கும் முன், "என் தப்புங்க. நான்தான் அழிச்சிட்டேன்" என்றார் அண்ணன். அந்த மனிதர் லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அதற்குப் பிறகு மலைக்காரர்கள் எங்கள் கடையில் எதையும் விட்டுப்போகவில்லை. அண்ணனே பைக்கில் மலையேறி, அவர்கள் கண்ணெதிரில் உட்கார்ந்து சரிசெய்துவிட்டு வருவார். "உண்மைய சொல்லிடலாம்ணா" என்று ஒருமுறை கேட்டேன். "சொன்னா நீ தொழில வுட்டுட்டுப் போயிடுவ. நான் இவ்ளோ லேட்டா வந்து சேந்தவன். யாரு இன்னா சொன்னாலும் எழுந்து போவ மாட்டேன்" என்றார். எனக்கு அது வசதியாக இருந்தது. பேசாமல் இருந்துவிட்டேன்.

சாவு வீட்டில் ஒருவர், "தங்கமான மனுசன். அந்த மலப் பொண்ணு படத்த அழிச்சது ஒண்ணுதான்…" என்று இழுத்தார். கையில் மாலையோடு பக்கத்தில்தான் நின்றேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மலைக்குப் பஸ் ஏறினேன். அந்தத் தகப்பன் வாசலில் சாமை காயப்போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், அண்ணன் இறந்ததையும். அவர் சாமையைக் கையால் கிளறிக்கொண்டே இருந்தார்.

"எம் பொண்ணு செத்த நாளுக்கு வருசா வருசம் வருவாரும்மா. இங்கதான் கொஞ்ச நேரம் குந்திக்கினு இருந்துட்டுப் போவாரு. நான் ஒரு தடவகூட மொகங் குடுத்துப் பேசல. ஒரு சொம்பு தண்ணி குடுக்கல" என்றார். பிறகு எழுந்து உள்ளே போய், ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்.

அண்ணனின் மீட்டரும் சால்டரிங் அயர்னும் கடையில் இருக்கின்றன. அவை வேலைக்கு. அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தச் சொம்புத் தண்ணீர்தான். அவருக்குக் கிடைத்திருக்க வேண்டியது. நான் குடித்தேன்.