நின்று பேசுகிறவள்

பால் கேனை இடுப்பில் அணைத்துக்கொண்டு மேடு ஏறுகிற முத்தாத்தாள், பாதி வழியில் யாரையாவது நிறுத்திவிடுவாள். "ஏனுங்க, சோளத்தட்டு அறுத்தாச்சுங்களா?" என்பாள். பதில் வந்ததும் மழையைப் பற்றி ஒன்று, மருமகளைப் பற்றி ஒன்று கேட்பாள். ஆள் கிடைக்காத நாளில் வேலியோரத்து ஆட்டிடம் நலம் விசாரிப்பாள். வாய் ஓயாதவள் என்று வடகரப்பதியில் சிரிக்கிறார்கள். பால் சொசைட்டிக்குக் கடைசியாக வந்து சேர்கிறவளும் அவள்தான்.

வலி வந்தால் நின்றாக வேண்டும். சும்மா நின்றால் ஏன் என்று கேட்பார்கள். அதற்குத்தான் அந்தப் பேச்சு. ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிற மாதிரி நடுநெஞ்சில் பிடித்து, முதுகுக்குப் போய், தாடை வரைக்கும் கடுக்கும். எதிரில் நிற்பவர் சோளக்கதை சொல்லிக்கொண்டிருக்க, தாயே, இங்கே விழாமல் பார்த்துக்கொள் என்று இவள் உள்ளுக்குள் மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டிருப்பாள்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் கை வழியாகக் குழாய் விட்டுப் படம் எடுத்தார்கள். அடைப்பு எங்குமே இல்லை, வாயுவாக இருக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். அவள் புருஷன் பொங்கியண்ணன் ஆஸ்பத்திரி வாசலில் நின்றே அம்மனுக்கு நேர்ந்திருந்தார். ஊர் திரும்பியதும் பொங்கல் வைத்து, சொந்தபந்தத்தைக் கூட்டிச் சோறு போட்டார். வேலைக்குச் சளைத்துப் படுத்ததற்கு விருந்தா என்று கொழுந்தன் மோகனசுந்தரம் கேலி பேசினான். பொங்கியண்ணனோ இலைக்கு இலை நின்று, "ஆத்தா காப்பாத்திப் போட்டாளுங்க" என்று சொல்லிச் சொல்லிக் கண் கலங்கினார். அன்றைக்கு மாவிளக்கை ஏந்திக் கோயிலைச் சுற்றி வரும்போதே முத்தாத்தாளுக்கு அந்த வலி மறுபடியும் வந்தது.

அதிலிருந்து அவள் வலியைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. நேர்த்திக்கடன் தீர்ந்த பிறகு வலிக்கிறது என்றால், அம்மன் கொடுத்த வரம் பொய் என்று சொன்ன மாதிரி ஆகிவிடாதா? அம்மனின் கோபம் நேர்ந்துகொண்ட புருஷன் தலையில் விடிந்தால்? வலியைவிட இந்தப் பயம் பெரிதாக இருந்தது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது, இங்கேயே உயிர் போய்விட்டால் கன்றை யார் அவிழ்த்து விடுவார்கள் என்று நினைத்து நடுங்குவாள்.

வீடு வீடாகப் பிரஷர் பார்க்க வருகிற ஆஷா பணியாளர், மலையாளத்துக்காரி ஜிஸ்மிதான் கண்டுபிடித்தாள். பேச்சுக்கு நடுவில் முத்தாத்தாளின் முகம் வெளுத்ததைப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து மெல்ல மெல்ல அவள் வாயிலிருந்தே எல்லாவற்றையும் வாங்கிவிட்டாள்.

"பெரிய ரத்தக்குழல்ல அடைப்பில்லேன்னா வேதனை பொய்யாகுமா சேச்சி? பொடிக்குழலெல்லாம் அந்தப் படத்துல தெரியாது. பொம்பளைங்களுக்கு அதுலயும் வரும். மருந்து உண்டு. திரும்பப் போய்ச் சொல்லணும்."

"சொன்னா சாமி குத்தமாயிருமுங்க அம்மிணி."

"படம் எடுத்தது அம்மனா சேச்சி? மனுசங்கதானே."

அதற்குள் பொங்கியண்ணன் வயலிலிருந்து வந்துவிட்டார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, "ஏம்புள்ள, என்னவாமா?" என்று கேட்டார்.

ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் முத்தாத்தாள் வாயெடுத்தாள். வலி முந்திக்கொண்டது. பிறத்தியார் முன்னால் புருஷனைத் தொட்டுப் பேசியறியாதவள், எட்டி அவர் கையைப் பிடித்து, சேறும் சகதியுமாக அப்படியே தன் நடுநெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஜிஸ்மி பார்க்கிறாளே என்று அவர் கூச்சத்தோடு கையை இழுத்தார். அவள் விடவில்லை.