என் பெற்றோர் கல்லூரி பார்க்கப் போன நாள்

பினாங்குக்கு வந்து ஏழு ஆண்டுகள் ஆகியும் மீன் கடையில் நான் இன்னும் புது ஆள்தான். இங்கே மீன் விற்பவர்கள் பெரும்பாலும் சீன ஆண்கள். கூவ மாட்டார்கள், வம்பளக்க மாட்டார்கள். விலை கேட்டால் விரலைக் காட்டுவார்கள். வந்த முதல் வாரம் ஒரு பெரியவர் வஞ்சிர மீனைத் தூக்கிப் பிடித்து, "பாரு, பாரு" என்றார். அட, தமிழ் தெரிந்தவர் என்று மகிழ்ந்து செவுளைத் தூக்கிப் பார்த்தேன். கண்ணை அழுத்திப் பார்த்தேன். அவர் முகம் சிவந்தது. சற்றுக் கடுமையாக மறுபடியும் "பாரு" என்றார். நானும் மறுபடியும் பார்த்தேன். மீனைப் பிடுங்கிப் பலகையில் வைத்துவிட்டார். மலாய் மொழியில் 'பாரு' என்றால் புதியது என்று பிறகுதான் தெரிந்தது. மனிதர் புது மீன் என்று உறுதி சொல்லச் சொல்ல நான் அவர் கண்ணெதிரே சோதனை போட்டிருக்கிறேன். சாந்தோம் குப்பத்தில் மீன்காரியின் மகளாகப் பிறந்தவளுக்கு அந்தப் பழக்கம் எளிதில் விடாது.

சென்ற வாரம் இங்கே தபால் நிலையத்தில் வேலை செய்யும் தமிழர் ஒருவர் தம் மகளுடன் நான் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு வந்தார். நோய் ஒன்றுமில்லை. "டாக்டரம்மா, பொண்ண மெட்ராசுக்கு அனுப்பிப் படிக்க வைக்கலாம்னு இருக்கேன். எந்தக் காலேஜ் நல்லது?" என்றார். உனக்கு என்ன படிக்க ஆசை என்று பெண்ணைக் கேட்டேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா என்னைப் பார்த்தார். நாலைந்து நாளில் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அவருக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். அவரைப் போன்ற மற்றவர்களும் படிக்கலாம்.

நான் பள்ளி இறுதித் தேர்வில் தேறியபோது, எங்கள் குப்பத்தில் அதற்கு முன் எந்தப் பெண்ணும் அவ்வளவு தூரம் படித்ததில்லை. பள்ளியை நடத்திய கன்னியர் மடத்தின் தலைமைச் சகோதரி என் பெற்றோரை அழைத்து, மூன்று வழிகள் இருக்கின்றன, எதுவானாலும் மடமே படிக்க வைக்கும் என்றார். பள்ளி வளாகத்திலேயே ஆசிரியப் பயிற்சி. பட்டணத்தில் பெண்களுக்கான கலைக் கல்லூரி. அல்லது பெண்கள் மருத்துவப் பள்ளி. எனக்குக் கலைக் கல்லூரிதான் வேண்டும். என் தோழி ஜானகி, மயிலாப்பூரில் வக்கீல் வீட்டுப் பெண், அங்கே சேரவிருந்தாள். "எங்காத்துல அப்பா சரின்னுட்டார். நீயும் வந்துட்டா ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல ஒக்காந்துண்டு படிக்கலாம்" என்றாள். உண்மையைச் சொன்னால், அந்த பெஞ்சைத் தவிர அந்தக் கல்லூரியைப் பற்றி எனக்கு வேறொன்றும் தெரியாது.

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு ஆசிரியப் பயிற்சிதான் சரி என்று பட்டது. தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். அம்மா, மருத்துவம் என்றாள். காரணம் சொல்லவில்லை. மூன்று நாட்கள் வீட்டில் சரியாகப் பேச்சே இல்லை. நான்காம் நாள் அம்மாதான் ஆரம்பித்தாள். "பாக்காமலே இன்னாத்துக்கு சண்ட போட்டுக்கினு கீறோம்? போய்ப் பாத்துட்டு வருவோம்."

அன்று நைனா கடலுக்குப் போகவில்லை. மாதா திருவிழாவுக்கு மட்டும் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டார். அம்மா கூடையில்லாமல் தெருவில் நடந்ததை அன்றுதான் பார்த்தேன். தலையில் ஒன்றுமில்லாமலே கழுத்தை ஆடாமல் பிடித்துக்கொண்டு நடந்தாள். மயிலாப்பூரில் டிராம் ஏறினோம்.

கலைக் கல்லூரி வாசலில் காவல்காரர் அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு, "மீனு பின்பக்கம் கொண்டாந்து குடு" என்றார். அம்மாவின் இரண்டு கைகளும் காலியாக இருந்தன.

"மீனு எங்கய்யா கீது? பொண்ண சேக்க வந்துகிறோம்" என்றாள்.

உள்ளே ஓர் ஆங்கிலேய அம்மையார் எங்களைத் தாழ்வாரத்தில் நிற்க வைத்தே பேசினார். கடுமையாகப் பேசவில்லை. ஆனால் எல்லாவற்றையும் என்னிடம் மட்டும், ஆங்கிலத்தில் சொன்னார். நைனா பொறுத்துப் பார்த்துவிட்டு, "இங்க படிச்சா பொண்ணு இன்னா ஆவும்னு கேளு கண்ணு" என்றார். கேட்டேன். பண்பட்ட பெண்ணாக ஆவாள் என்று அந்த அம்மையார் சொன்னதை அப்படியே தமிழில் சொன்னேன். "இப்ப நீ அப்பிடி இல்லியாமா?" என்று நைனா என்னைக் கேட்டார். அதை நான் ஆங்கிலத்தில் சொல்லவில்லை.

மருத்துவப் பள்ளியின் தாழ்வாரம் முழுக்கப் பெண்களும் கைக்குழந்தைகளுமாக இருந்தது. வெள்ளைப் புடவை கட்டிய மாணவி ஒருத்தி தரையில் உட்கார்ந்து, காசிமேட்டு மீனவக் குப்பத்திலிருந்து வந்த ஒரு தாயிடம் குழந்தைக்கு எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். நைனா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பொறுப்பிலிருந்த வெள்ளைக்கார டாக்டரம்மா தமக்குத் தெரிந்த தமிழில், "உக்காருங்கோ" என்றார். நைனா பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார்.

அம்மா நேராக விஷயத்துக்கு வந்தாள். "பொணத்த அறுக்கணுமாமே, நெசமா?"

"ஆமாம்."

"பொண்ணுங்களுக்குக் கை நடுங்காதா?"

"முதல்ல நடுங்கும்."

"இவுளுக்கு நடுங்காது. ஆறு வயசுலேருந்து கத்தி புடிச்சி மீனு ஆயிற கை. ஒரு தபா கூட வெட்டிக்கினதில்ல."

டாக்டரம்மா என் கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குத் தலை நிமிரவில்லை.

திரும்பும்போது டிராம் ஏறவில்லை. கடற்கரை வழியாக நடந்தோம். என்னால் அடக்க முடியவில்லை. "எல்லார் எதிர்லயும் மீனு மீனுன்னு ஏம்மா சொன்ன? என் படிப்பு உனக்கு மீனு ஆயிற வேலையா?" என்று அழுதேன். அம்மா, யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்: "ஒன் தம்பி பொறக்கறப்போ ரெண்டு நாளு வலில கெடந்தேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போறேன்னு நைனா கெஞ்சினாரு. ஆம்பள டாக்டருன்னு நான்தான் மாட்டேன்னுட்டேன். புள்ள போயிருச்சி."

தம்பி ஒருவன் பிறந்து இறந்தான் என்பது மட்டும்தான் அதுவரை எனக்குத் தெரியும்.

"அதுக்கோசரம் நீ படிக்கணும்னு இல்ல. ஒன் இஷ்டம்" என்றாள்.

நைனா சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். "வர இஷ்டமில்லாத ஆள கட்டுமரத்துல ஏத்திக்கினு நான் எப்பவும் கடலுக்குப் போனதில்ல. வாத்தியாரம்மாவா ஆவுன்னு சொன்னேனே, அது நீ தூரமா பூடுவியேன்ற பயத்துல சொன்னது. அத்த வுடு. அங்க நம்மள ஒக்கார சொன்னாங்கோ, அது எனக்குப் புடிச்சிருந்துச்சி. ஆனா படிக்கப்போறது நீ. நீயே சொல்லு."

ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, மருத்துவம் என்றேன். தியாகத்துக்காக அல்ல. அந்த ஒரு வாரமும் தரையில் உட்கார்ந்திருந்த மாணவியின் முகம் என்னை விடவில்லை. அவள் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தால் பொருந்தியது. ஜானகி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு அவளே வந்து, உடற்கூற்றுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

முதல் நாள் பிணம் அறுக்கும் கூடத்தில் என்னைச் சுற்றி நின்றவர்களின் கைகள் நடுங்கின. என் கை நடுங்கவில்லை. அம்மா என்னை இழிவாகச் சொல்லவில்லை, என்னைப் பற்றி எனக்கே தெரியாத ஒன்றைத்தான் சொன்னாள் என்று அன்று புரிந்தது. அம்மா, நைனா, நான், மூன்று பேரும் மூன்று திசையில் இழுத்தோம். ஆனால் அவர்கள் இருவரும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு, தங்கள் பயத்தையும் துக்கத்தையும் மறைக்காமல் சொல்லி, பிறகு முடிவை என் கையில் விட்டார்கள். அதைவிடப் பெரிதாக எதையும் இதுவரை யாரிடமிருந்தும் நான் பெற்றதில்லை. தபால் நிலையத்துக்காரரிடமும் அதைத்தான் சொல்லப்போகிறேன். கல்லூரியின் பெயர் அப்புறம்.

நைனா பயந்தபடியே நான் தூரமாக வந்துவிட்டேன். கப்பல் ஏற்ற வந்தவர், "கடல்தானே, எனக்குத் தெரிஞ்ச வழிதான்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஓய்வு நாட்களில் இந்தத் தீவின் மேற்குக் கரைக்குப் போவேன். எங்கள் குப்பத்தில் சூரியன் கடலிலிருந்து எழும்; இங்கே கடலில் இறங்கும். இங்கே இருட்டத் தொடங்கும் நேரத்தில் சாந்தோம் மணலில் இன்னும் வெயில் மிச்சமிருக்கும். முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு சற்று நேரம் நிற்பேன். என் முதுகுக்குப் பின்னால் தீவில் ஒவ்வொரு விளக்காக ஏற்றத் தொடங்குவார்கள். அவற்றில் ஒன்று நான் வேலை பார்க்கும் பிரசவ வார்டின் விளக்கு.