மூன்று ரூபாய்க் கத்தரிக்காய்

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில் நான் பெங்களூர் தொம்மலூரில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அங்கே லிஃப்டை இயக்கியவர் தர்மபுரிப் பக்கத்து மனிதர். காக்கிச் சட்டை, நரைத்த மீசை, உட்கார ஒரு மர ஸ்டூல். யார் கையில் பை இருந்தாலும் "எஷ்டு?" என்று கன்னடத்தில் விலை கேட்பார். சொன்னதும் தமிழுக்கு மாறி, தன் ஊர்ச் சந்தையின் பழைய விலையைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்.

ஒருநாள் என் பையில் கத்தரிக்காய் இருந்தது. கிலோ பன்னிரண்டு ரூபாய். அவர் முகம் வாடுவதைப் பார்க்க மனமில்லாமல், "மூணு ரூபா" என்று சொல்லிவிட்டேன்.

அவர் முகம் மலர்ந்தது. "எங்க சந்தையில எட்டணா சார். மரத்தடியில குமிச்சு வெச்சிருப்பாங்க. கொசுறா ஒரு கை கொத்தமல்லியும் போடுவாங்க. இப்பவும் அப்படிக் கம்மியா விக்கிறவர் ஒருத்தர் இருக்காரே" என்றார்.

மறுநாள் காலை ஆறு ரூபாயை என் கையில் வைத்தார். "பொண்ணும் மாப்பிள்ளையும் ஊர்லேர்ந்து வர்றாங்க. எனக்கும் ரெண்டு கிலோ வாங்கிட்டு வாங்க சார்."

உண்மையைச் சொல்லாமல் பணத்தை வாங்கிக்கொண்டேன். மதியம் போய், மீதிப் பதினெட்டு ரூபாயை நானே போட்டு வாங்கி வந்து கொடுத்தேன்.

அவர் ஒரு காயை எடுத்துக் காம்பைத் திருப்பிப் பார்த்தார். லிஃப்டில் நாங்கள் இருவர்தான் இருந்தோம்.

"மூணு ரூபாய்க்கு இவ்ளோ நல்ல காய் குடுத்தா அந்த ஆளு நஷ்டப்பட்டுடுவாரு. இனிமே அவர்கிட்ட வாங்காதீங்க சார்" என்றார் மெதுவாக.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் விலையே கேட்கவில்லை. என் பொய் அவருக்குத் தெரிந்துவிட்டதா, இல்லை, உண்மையிலேயே அந்தக் கடைக்காரருக்காகக் கவலைப்பட்டாரா என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.