பூ வேணாம் என்ற ஓரகத்தி

என் ஓரகத்தி மேல் எனக்கிருந்த பொறாமை இன்னும் ஆறவில்லை. இன்றும் யாராவது அவள் பேச்சை எடுத்தால் வயிறு எரிகிறது.

கீழ்க்கட்டளையில் மாமனார் வீடு. எண்பதுகளின் கடைசி. விளைந்த நிலத்தை மனை போட்டு விற்கலாம், மருமகள் வேலைக்குப் போனால் மட்டும் கௌரவக் குறைச்சல். தாம்பரம் சானடோரியம் பக்கம் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்றதும் நான் கிளம்பினேன். தையல் படித்தவள். மாமனார் முடியாது என்றார். கத்தினேன், அழுதேன், பாத்திரத்தை உருட்டினேன். "இவளுக்கு வாய் ஜாஸ்தி" என்று மாமியார் தெருவெல்லாம் சொன்னதுதான் மிச்சம்.

பிறகு கொழுந்தனுக்குக் கல்யாணமாகி இவள் வந்தாள். அவளும் அதே கம்பெனியைத்தான் கேட்டாள். அதே பதில். "சரி மாமா" என்று உள்ளே போய்விட்டாள். சாயங்காலம் மாமியார் பூக்காரியிடம் பூ வாங்கி எங்களுக்கு நறுக்கி நீட்டியபோது, "எனக்கு வேணாம் அத்த" என்றாள்.

அவ்வளவுதான். சமைத்தாள், துவைத்தாள், சிரித்த முகமாகக் காபி கொடுத்தாள். தலையில் மட்டும் பூ இல்லை. கேட்டால், "வேலைக்குப் போறப்போ வச்சுக்கறேன் அத்த."

வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் தெருப் பெண்கள் மாமியாரைப் பிடித்துக்கொள்வார்கள். "இன்னாக்கா, புதுப் பொண்ணு வெறுந்தலையா கீது, வூட்ல எதுனா பிரச்சினையா?" மாமியாருக்கு முகம் செத்துப்போகும். திட்டலாம் என்றால் அவளிடம் ஒரு குற்றம் கிடைக்க வேண்டுமே. பள்ளிக்கூடத்தில் சத்தியாகிரகம் என்று நான் மனப்பாடம் செய்தது இதைத்தான். அது வெள்ளைக்காரனிடம் மட்டும் செய்வது என்று நினைத்திருந்தேன். கொஞ்ச நாளில் மாமனாரே, "போய்த் தொலையட்டும்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொண்டை கிழியக் கத்தியும் எனக்குக் கிடைக்காதது, அவளுக்கு ஒரு முழம் பூவில் கிடைத்துவிட்டது. அன்று சாயங்காலம் மாமியார் பூவை நீட்டியபோது நானும், "வேணாம் அத்த" என்றேன். ஏன் என்று கேட்பார், பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

மாமியார் கேட்கவில்லை. "அதுவும் சரிதான். வேலைக்குப் போறவ, நிறைய வச்சா லட்சணமா இருக்கும்" என்று என் பங்கையும் சேர்த்து அவள் தலையில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. கோயிலில் எல்லோர் எதிரிலும் வேண்டுமென்றே இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றினேன். என்னிடம் பிள்ளைகள் படிப்பைப் பற்றி விசாரித்தார்கள். இரண்டு பெற்றவள் தலையை யார் பார்க்கிறார்கள்.

மறுநாள் பூக்காரி வந்தபோது, மாமியார் கூப்பிடும் முன் நானே போய்க் கையை நீட்டினேன்.