அப்பா அணைக்காத கற்பூரம்

1997 செப்டம்பர் 9, செவ்வாய்க்கிழமை. என் நாட்குறிப்பின்படி, காலை ஐந்தரைக்கு அப்பா முள்ளிப்பட்டு வீட்டில் தறிக்குழியில் இறங்கினார். எட்டு மணிக்கு இரண்டு இட்லி. பத்தரைக்கு, தறியில் பூட்டிய பாவு நூலின் கடைசிச் சேலையை அறுத்து மடித்து, நெய்யப் பாவு கொடுக்கும் ஆரணி முதலாளி வீட்டுக்குக் கொண்டு போனார்.

பன்னிரண்டு மணிக்கு அந்த வீட்டில் ஒரு கட்டு ஜரிகையைக் காணவில்லை. அந்நேரம் அங்கிருந்தவர்கள் நான்கு நெசவாளர்கள். மாலையில் எங்கள் தெருமுனை மாரியம்மன் கோயில் வாசலில், எடுக்கவில்லை என்று சொல்லி எரியும் கற்பூரத்தைக் கையால் அடித்து அணைக்க வேண்டும். அணைக்காதவருக்கு இனிப் பாவு கிடையாது என்றார் முதலாளி. மூவர் அணைத்தார்கள். அப்பா கைகட்டி நின்றார்.

கலசப்பாக்கத்தில் பிறந்து பன்னிரண்டு வயதில் தறிக்கு வந்தவர் அப்பா. அவருக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்பது ஊருக்கே தெரியும். அதற்காக யாரோடும் வாதாடியதில்லை. அம்மாவின் விளக்குக்கு எண்ணெய் தீர்ந்தால் அவரே வாங்கி வருவார்.

"சாமியே இல்லன்ற, அப்புறம் இன்னாய்யா பயம்? தட்டிட்டு வா ஜல்தி. கை சுட்டா என் பொண்டாட்டி வெண்ணெ வெச்சிகினு நிக்கிறா" என்றார் பக்கத்து வீட்டு மாமா. சிலர் சிரித்தார்கள்.

"எனக்கு அது வெறும் நெருப்பு மாமா. அதத் தட்டி உங்கள நம்ப வெச்சா ஏமாத்துதானே? நான் எடுக்கல. அதான் சொல்லிட்டேனே."

அணைத்தால் பொய்யர், அணைக்காவிட்டால் திருடர். வேறு வழி விடப்படவில்லை. அப்பாவும் நானும் அந்த முதலாளியின் பாவை நம்பித்தான் இருந்தோம். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். எனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு, இன்றும் உண்டு. "அப்பா எடுக்கல, அவருக்காக நான் பண்றேன்" என்று அணைத்தேன். முதலாளி, சரி என்று தலையசைத்தார்.

திரும்பும் வழியில் அப்பா கேட்டார்: "நான் எடுக்கலன்னு நீ பாத்தியா?"

"இல்லப்பா."

"அப்புறம் எப்படி சத்தியம் பண்ண?"

அன்றைய பக்கத்தில் கேள்வியை மட்டும் எழுதியிருக்கிறேன்.

அந்த ஜரிகை கடைசிவரை கிடைக்கவில்லை. அப்பா அரிசி ஆலையில் எடை போடும் வேலைக்குப் போனார். 2006 மார்ச்சில் வேலூர் மருத்துவமனையில் பதினாறு நாள் கிடந்து மறைந்தார். சடங்கு வேண்டாம் என்ற அவர் சொல்லை, மனம் ஒப்பாமலும் மதித்துத் தோள் கொடுத்த உறவினர்களுக்கும், பதினாறு நாளும் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டு மாமாவுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது.

அப்பா ஏன் தறியை விட்டார் என்று உறவில் பலர் கேட்டிருக்கிறீர்கள். செப்டம்பர் 10-ம் தேதிப் பக்கத்தில் இருப்பதைத் தருகிறேன். அன்று காலை ஐந்தரைக்கு அப்பா குழியில் இறங்கவில்லை. முதல் வேலையாக என்னையும் கூட்டிக்கொண்டு முதலாளி வீட்டுக்கு நடந்தார். வாசலிலேயே நின்று, "என் பையன் பாக்காததுக்கு சத்தியம் பண்ணிட்டான். அத வெச்சி எனக்குப் பாவு குடுக்காதீங்க" என்றார்.