குஷாய்குடாவிலிருந்து கிளம்பிய குரல்

ஜலஜாவுக்குப் பாட்டு வராது. ஸ்வரம் தெரியாது, தாளமும் தெரியாது. இருந்தும் ஐந்தாறு வருஷம் ஹைதராபாத்தில் பதினொரு ஸ்டூடியோக்கள் அவளை நம்பித்தான் நடந்தன.

அவள் பிறந்தது லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா அருணாசலம் பணிமனையில் ஃபிட்டர். தொண்ணூற்றெட்டில் அமீர்பேட்டையில் மூன்று மாத ஹார்டுவேர் கோர்ஸ் முடித்தாள். பக்கத்து வகுப்பில் ஜாவா படித்தவர்கள் ஒவ்வொருவராக அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார்கள். ஜலஜா கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி உள்ளே பார்ப்பதிலேயே நின்றுவிட்டாள். ஒருநாள் யூசுஃப்குடாவில் ஒரு விளம்பர ஸ்டூடியோவில் சத்தம் வராத கம்ப்யூட்டரைச் சரிசெய்யப் போனாள். அதிலிருந்து அந்த உலகம் அவளைப் பிடித்துக்கொண்டது.

அப்போது பெரிய பெரிய இசைக் கீபோர்டுகள் எல்லாம் கம்ப்யூட்டருக்குள் சாஃப்ட்வேராக வந்துகொண்டிருந்தன. அந்த சாஃப்ட்வேரைப் போட்டால் மட்டும் போதாது. புல்லாங்குழல் மாதிரி ஒன்று, மழை மாதிரி ஒன்று, கோயில் மணி மாதிரி ஒன்று என்று யாரோ முன்கூட்டியே செய்துவைத்த சத்தங்களை நூற்றுக்கணக்கில் அதில் ஏற்ற வேண்டும். அதற்கு பிரீசெட் என்று பெயர். எந்தக் கோப்பை எந்த ஃபோல்டரில் வைக்க வேண்டும், கூடவே எந்த ஒலிப்பதிவுகளை நகலெடுக்க வேண்டும் என்பது பிசகினால் கீபோர்டின் கட்டையை அழுத்தினாலும் ஊமையாக இருக்கும். இசையமைப்பாளர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் அந்த வேலையை ஜலஜா அரைநாளில் முடிப்பாள்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. எங்கே வேலை செய்தாலும், தொடங்கும் முன் அங்கிருக்கிற பிரீசெட்டுகளைத் தன் ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து வைத்துக்கொள்வாள். நடுவில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் திருப்பித் தர வேண்டுமே என்றுதான் முதலில் ஆரம்பித்தாள். பிறகு அதுவே ஒரு சேகரிப்பாக வளர்ந்துவிட்டது. ஓரிடத்தில் எடுத்ததை இன்னோரிடத்தில் ஏற்றிக் கொடுப்பாள். அந்தத் தொழிலில் யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. அவளும் நினைக்கவில்லை.

2006-ல், கோடை முடியும் சமயம், குஷாய்குடாவிலிருந்து சாரங்கபாணி கூப்பிட்டார். பக்கத்திலிருந்த எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கி, வீட்டின் முன்னறையையே ஸ்டூடியோவாக மாற்றிக்கொண்டவர். பக்தி ஆல்பங்களுக்கு இசை சேர்ப்பார். சத்தங்களைத் தானே செய்வார். கடையில் வாங்கியது எதுவும் அவரிடம் கிடையாது. சத்தம் அடங்கச் சுவரெல்லாம் பழைய ரஜாய்ப் போர்வைகளை அடித்து வைத்திருந்தார். கூடத்தில் மாலை போட்ட ஒரு சிறுமியின் படம் இருந்தது. வர்ஷினி என்று ஒரே மகள், ஏழு வயதில் மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள் என்பது ஜலஜாவுக்குத் தெரியும். அதற்கு மேல் அவள் கேட்டதில்லை.

பழைய கம்ப்யூட்டரிலிருந்து புதியதற்கு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். சாரங்கபாணி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“மொத்தம் நூத்தி இருபத்தெட்டு இருக்கும்மா. கடைசி ஒண்ணை மட்டும் வாசிச்சுப் பாக்க வேணாம். அப்படியே காப்பி பண்ணிடு.”

“சரி சார்.”

அவருக்கு ஒரு ஃபோன் வந்தது. சிக்னல் கிடைக்காமல் வாசலுக்குப் போனார். ஜலஜா ஒவ்வொரு பிரீசெட்டாக ஒரு கட்டையை அழுத்திச் சோதித்துக்கொண்டே வந்தாள். நூற்றிருபத்தேழுக்கு அப்புறம் விரல் நிற்கவில்லை. கடைசியின் பெயர் ‘வி 7’ என்று இருந்தது. அழுத்தினாள்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு எங்கோ ஒரு கதவு திறந்து காற்று உள்ளே வருவது போல ஒரு ஓசை மெதுவாக எழுந்தது. குரலா, குழலா என்று சொல்ல முடியவில்லை. அது இழுத்த மூச்சு போல நிறைந்தது. ஆனால் மூச்சு விடவே இல்லை. ஜலஜா விரலை எடுத்தாள். ஓசை நிற்க வெகுநேரம் பிடித்தது.

அறை வாசலில் சாரங்கபாணியின் மனைவி கனகவல்லி நின்றிருந்தாள். கையில் கழுவிய கறிவேப்பிலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“இப்ப யாரு கூப்பிட்டா?”

“யாரும் கூப்பிடலியேக்கா. மிஷின் டெஸ்ட் பண்றேன்.”

கனகவல்லி அறையை ஒரு சுற்று பார்த்தாள். மேஜைக்கு அடியில்கூட குனிந்து பார்த்தாள். பிறகு திரும்பிப் போனாள்.

இரண்டு மாதம் கழித்து யூசுஃப்குடாவில் தீபக்கின் ஸ்டூடியோ. தீபக் டி.வி. சீரியல்களுக்குப் பின்னணி இசை போடுபவன். ஹைதராபாத்திலேயே வளர்ந்த தமிழ்ப் பையன். வாயைத் திறந்தால் மூன்று பாஷை சேர்ந்து வரும்.

“அக்கா, இதெல்லாம் பழசு. எல்லாரும் யூஸ் பண்ணித் தேஞ்சுபோச்சு. கொத்தகா, புதுசா ஏதாச்சும் இருந்தா போடுங்களேன், ப்ளீஸ்.”

ஜலஜா சாரங்கபாணியின் நூற்றிருபத்தெட்டையும் ஏற்றிக் கொடுத்தாள். யார் செய்தது என்று சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. அவன் வரிசையாக அழுத்திக்கொண்டே போய்க் கடைசியில் நின்றான். அதையே மறுபடி மறுபடி அழுத்தினான்.

“அரே, ஏம் சவுண்டுக்கா இது! இதைத்தான் தேடிட்டு இருந்தேன்.”

அடுத்த வாரம் இன்னும் மூன்று இடங்களில் அதையே ஏற்றினாள்.

மறு வருஷம் யுகாதி முடிந்த வாரம் சாரங்கபாணி மறுபடி கூப்பிட்டார். ஜலஜா போனபோது மதியம் ஒன்றேகால். அவர் பேங்குக்குப் போயிருந்தார். கனகவல்லி கதவைத் திறந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். ஃப்ரிட்ஜின் மேல் மாத்திரைப் பட்டைகள் வரிசையாக இருந்தன.

“உக்காரு ஜலஜா. இன்னும் பத்து நிமிஷம். நீயும் பாரு.”

“என்னக்கா பாக்கணும்?”

கனகவல்லி டி.வி.யைக் காட்டினாள். விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“பாப்பா இதுல வரா.”

ஜலஜாவுக்குப் புரியவில்லை.

“உருவம் வராது. குரல் மட்டும்தான். ஒண்ணரை மணி சீரியல்ல, அந்தப் பொண்ணு செத்துப்போன அம்மாவை நெனச்சு அழுவுறப்போ வரும். தெனமும் வராது. போன வாரம் ரெண்டு தடவை வந்தா. இவரு, ‘உனக்கு மனசு சரியில்ல’ன்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாரு. மாத்திரை சாப்பிட்டா தூக்கம்தான் வருது. பாப்பா வர்றது நிக்கல.”

சீரியல் தொடங்கியது. ஜலஜா சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு நிமிஷம் ஆனது. திரையில் ஒரு பெண் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டாள். கதவு திறந்து காற்று வருவது போல அந்த ஓசை எழுந்தது.

கனகவல்லி டி.வி.யின் அருகே போய்த் தரையில் உட்கார்ந்து, கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள்.

“கேக்குதா உனக்கு?”

“மியூசிக்தானேக்கா அது” என்றாள் ஜலஜா. சொன்ன உடனே அந்த வார்த்தையை விழுங்கிவிட வேண்டும் போல இருந்தது. வேறொரு வேலை நினைவு வந்தது என்று ஏதோ சொல்லிவிட்டு, சாரங்கபாணி வருவதற்குள் கிளம்பிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து ஹார்டு டிஸ்கைத் திறந்தாள். ‘வி 7’ பிரீசெட்டுக்கு அடியில் ஒரு ஒலிப்பதிவுக் கோப்பு இருந்தது. அந்த மாதிரி பிரீசெட்டுகள் ஒரு பதிவின் நடுவிலிருந்து சின்னத் துண்டை மட்டும் எடுத்து, அதையே திரும்பத் திரும்ப ஓட்டி இழுக்கும். மிச்சப் பதிவு கோப்பிலேயே கிடக்கும், யாருக்கும் கேட்காது. ஜலஜா முழுப் பதிவையும் ஓடவிட்டாள். பத்தொன்பது விநாடி.

மைக்கில் ஏதோ இடிக்கும் சத்தம். ஒரு சிறுமி ‘ஆ’ என்று நீட்டிப் பாடினாள். நடுவில் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டாள். ஓர் ஆண் குரல் தூரத்திலிருந்து, “இன்னும் கொஞ்சம்டா கண்ணா” என்றது. மறுபடி ‘ஆ’. அப்புறம்: “போதுமாப்பா? நான் வெளையாடப் போகட்டா?”

ஜலஜா கம்ப்யூட்டரை அணைக்காமலே எழுந்து வெளியே போய் நின்றாள். இந்தப் பத்தொன்பது விநாடியையும் நான்கு ஸ்டூடியோக்களில் தன் கையால் வைத்துவிட்டு வந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

பதினொரு நாள் அவள் குஷாய்குடா பக்கம் போகவில்லை. சாரங்கபாணி இரண்டு முறை ஃபோன் செய்தார், எடுக்கவில்லை. வேலைக்குப் போன இடங்களில் கட்டையை அழுத்தவே கை வரவில்லை. பஸ்ஸில் யாராவது குழந்தை ‘அப்பா’ என்றால் திரும்பிப் பார்த்தாள். பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சீரியல் முடியும், கனகவல்லி அக்காவும் மாத்திரையில் தூங்கிவிடுவாள். இப்படி ஒவ்வொரு நாளும் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். ஃப்ரிட்ஜின் மேல் இருந்த மாத்திரைப் பட்டைகள்தான் கண்ணில் வந்து நின்றன.

பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணிக்குப் போய்க் கதவைத் தட்டினாள். இருவரும் வீட்டில் இருந்தார்கள். உட்காரச் சொன்னதைக் கேட்காமல் நின்றபடியே சொன்னாள்.

“சார், அந்தக் கடைசி பிரீசெட்டை நான் உங்களைக் கேக்காம நாலு இடத்துல போட்டுட்டேன். சீரியல்ல வர்றது அதான். அக்காவுக்கு ஒண்ணும் இல்ல சார். அவங்க கேட்டது நெசம்.”

சாரங்கபாணி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் முகத்தில் முதலில் வந்தது கோபமே இல்லை.

“நானும் கேட்டேம்மா. ஒரு தடவை. உடனே டி.வி.யை அணைச்சிட்டேன். எனக்குத்தான் கழண்டுபோச்சுன்னு நெனச்சேன். அந்தச் சத்தம் இந்த ரூமைத் தாண்டி எங்கயும் கெடையாதே, டி.வி.ல எப்படி வரும்?”

கனகவல்லி ஜலஜாவைப் பார்க்கவில்லை. கணவரையே பார்த்தாள்.

“பாப்பா குரல் உங்ககிட்ட இருந்துதா?”

அவர் முன்னறைப் பக்கம் பார்த்தார்.

“எத்தன வருஷமா?”

“அவ போறதுக்கு ஒரு மாசம் முன்னாடி எடுத்தது.”

“ஏழு வருஷம். கதவைச் சாத்திக்கிட்டு நீங்க மட்டும் கேட்டுக்கிட்டு இருந்தீங்க. குரல் எப்படி இருக்கும்னு மறந்துபோயிடுச்சேன்னு நான் அடுப்படில அழுதப்போகூட வாயத் தொறக்கல. இவளாவது தெரியாம செஞ்சா.”

“நீ தாங்க மாட்டேன்னு நெனச்சேன்.”

“மாத்திரைய மட்டும் தாங்கிட்டேனா?”

அவர் உட்கார்ந்துவிட்டார். கனகவல்லி முன்னறைக்குள் போய்க் கம்ப்யூட்டர் முன் நின்றாள். “முழுசா போடு” என்றாள் ஜலஜாவிடம். ஜலஜா போட்டாள். பத்தொன்பது விநாடி முடிந்தது. மறுபடி போடச் சொன்னாள். எத்தனை முறை என்று ஜலஜா எண்ணவில்லை. கடைசியில் கனகவல்லி திரையைப் பார்த்தபடி, “போ கண்ணு, போயி வெளையாடு” என்றாள். பிறகு ஜலஜா பக்கம் திரும்பினாள்.

“இதை ஒரு சி.டி.ல போட்டு என் கைல குடு. வெளிய இருக்கிற எல்லாத்தையும் அழிச்சிட்டு வா. சோப்பு விக்கவும் சீரியல்ல அழவும் அவளை நான் பெக்கல.”

ஜலஜா நான்கு ஸ்டூடியோவுக்கும் போனாள். விஷயத்தைச் சொன்னதும் தீபக் வெளிறிப்போனான். அவள் கண்ணெதிரிலேயே அழித்தான். பிறகு தயங்கித் தயங்கி, “அக்கா, விஜயவாடா ஃப்ரெண்டுக்கு ஒரு காப்பி குடுத்தேன். சென்னைல ஒருத்தருக்கும்” என்றான். மற்ற மூவரும் அதே மாதிரி ஆளுக்கு இரண்டு பெயர் சொன்னார்கள். ஜலஜா ஃபோன் செய்தாள், கெஞ்சினாள். சிலர் அழித்ததாகச் சொன்னார்கள். ஒருவர், “நக்கோ, விடுங்க மேடம், ஒரு சவுண்டுக்கு இவ்ளோ கலாட்டாவா?” என்று ஃபோனை வைத்துவிட்டார். சீரியலில் ஏற்கெனவே ஒளிபரப்பானதை யாரால் அழிக்க முடியும்?

அடுத்த வருஷம் அவள் அந்தத் தொழிலை விட்டாள். சேகரித்த எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஒரு பள்ளிக்கூடத்தின் கம்ப்யூட்டர் லேபில் வேலைக்குச் சேர்ந்தாள். ஓசை மட்டும் அவளை விடவில்லை. ஒரு நகைக்கடையின் லிஃப்டில் கேட்டாள். ஒரு தியான கேசட்டில் கேட்டாள். ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்து காத்திருந்தபோது காதுக்குள்ளேயே கேட்டது. ரிசீவரை வைத்துவிட்டாள். கூட இருப்பவர்களுக்கு அது வெறும் மியூசிக். அவளுக்கு மட்டும் அதற்குப் பின்னால் என்ன கேள்வி இருக்கிறது என்று தெரியும்.

குஷாய்குடாவிலிருந்து பிறகு அழைப்பே வரவில்லை.

2012-ல், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, போவன்பள்ளி மார்க்கெட்டில் கனகவல்லியைப் பார்த்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. உடம்பு தேறியிருந்தது. ஒதுங்கிப் போய்விடலாமா என்று ஜலஜா யோசிப்பதற்குள் கனகவல்லியே கூப்பிட்டாள்.

“நல்லா இருக்கியா? மாத்திரையெல்லாம் எப்பவோ விட்டாச்சு. அவரு அந்த ரூமைக் காலி பண்ணிட்டாரு. பேசிக்கிறோம், ஆனா முன்ன மாதிரி இல்ல.”

“அக்கா, எல்லா எடத்துலயும் அழிக்க முடியல. நான் உங்ககிட்ட வந்து சொல்லவே இல்ல.”

“தெரியும்.” கனகவல்லி பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். “எங்கெல்லாம் கேட்ட?”

ஜலஜா தயங்கினாள். பிறகு சொன்னாள். லிஃப்ட், தியான கேசட், ஆஸ்பத்திரி ஃபோன், பெங்களூர் பஸ்ஸில் ஓடிய ஏதோ படம். கனகவல்லி தலையாட்டிக்கொண்டே கேட்டாள், ஊரிலிருந்து வந்தவர் சொல்லும் சேதியைக் கேட்பது மாதிரி.

“பெங்களூர் வரைக்குமா?” என்றாள். “அவளை நாங்க சார்மினாருக்குக்கூடக் கூட்டிட்டுப் போனதில்ல.”

பின்னால் மூட்டை சுமந்து வந்தவர் வழி கேட்டுக் கத்தினார். இருவரும் ஓரமாக ஒதுங்கினார்கள். கனகவல்லி ஜலஜாவின் முழங்கையை ஒரு நிமிஷம் பிடித்திருந்துவிட்டு, பஸ் போய்விடும் என்று சொல்லிக் கூட்டத்துக்குள் நடந்தாள்.