ஓட்டை போடாத துப்பாக்கி

ஷார்ஜாவில் ஒரு துப்பாக்கிக் கடையின் பின்பக்கப் பட்டறையில் உட்கார்ந்தே நரைத்துப்போனவர் ரெங்கராஜ். பரமக்குடிப் பக்கம் ஊர். பழைய துப்பாக்கிகளுக்கு ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, பொருத்துவது வேலை. கொடுமையைப் பாருங்கள், மனுஷன் ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை. சுட உரிமம் இருந்தது கூட வேலைபார்க்கும் கீழக்கரைப் பையன் ஹசன் அலிக்குத்தான். இவர் பொருத்தித் தருவார். அவன் சுடுதளத்துக்குக் கொண்டுபோய்ச் சுட்டுச் சரிபார்ப்பான்.

துப்பாக்கி மேல் ரசமட்டம் வைக்க வேண்டும். சுவரில் தூக்குக்குண்டு தொங்கும். ஸ்கோப்புக்குள் தெரியும் கோடு அந்த நூலோடு ஒட்டி நிற்க வேண்டும். கொஞ்ச காலமாக அவருக்கு நூல் ஒன்றா இரண்டா என்றே புரிவதில்லை. கண்ணில் புரை. வெளியே சொன்னால் விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டாவது பெண்ணின் படிப்பு பாதியில் நிற்கும். அதனால் குத்துமதிப்பாகத் திருகாணியை முடுக்கிவிட்டு, ஒருவரும் குறை சொல்லி வரவில்லையே என்று மனசைத் தேற்றிக்கொள்வார். தினமும் இந்தப் பயத்தோடு மல்லுக்கட்டி அலுத்துப்போயிருந்தார்.

அன்று வந்தது ஒரு கிழட்டு முந்நூற்று மூன்று ரைபிள். வாடிக்கையாளரின் பாட்டனார் வைத்திருந்தது. பின்பக்கம் குறிபார்க்க இருக்கும் தகட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்திலேயே மாட்டும் மவுண்ட், ஸ்கோப்பைத் தாங்கும் சட்டம், கடையில் இருந்தது, ஓட்டையே தேவையில்லை. ஆனால் ஸ்கோப் உயரமாக நிற்கும். முதலாளி அர்பாபுக்கு அது பிடிக்கவில்லை. "மேலே ஓட்டை போடு, தாழ்வா உட்காரட்டும், யல்லா" என்று அரபு கலந்த இந்தியில் அவசரப்படுத்திவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

ரெங்கராஜ் துளைக்கருவியை எடுத்ததும் ஹசன் அலி ஓடிவந்து கையைப் பிடித்தான்.

"அண்ணே, வேணாம். ஸ்கோப் கோணினா ரேஞ்சுல வச்சு நான் நிமித்திருவேன். ஓட்டை கோணினா என்னண்ணே செய்வேன்?"

"நிமித்திருவியா? எப்பருந்துடா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "போன நோம்புலேர்ந்து."

ரெங்கராஜுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அதற்குமேல் வெட்கம். பிறகு, அடச்சே, உடம்பெல்லாம் விட்டுப்போன மாதிரி ஓர் அசதி. "எல்லாத்தையுமா?" என்றார்.

"அந்த மவுண்டே போதும்னு நான் பேசுறேண்ணே. நீங்க கம்முனு இருங்க."

"இன்னைக்கு இது. நாளைக்கு வேற ஒருத்தன் துப்பாக்கி வரும். என்னால முடியலடா."

துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நேரே அர்பாபின் அறைக்குப் போனார். தெரிந்த இந்தியில் சொன்னார்: கண் தெரியவில்லை, ஓட்டை போட்டால் இந்தச் சாமான் பாழ்.

அர்பாப் அவரையே பார்த்தார். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. துப்பாக்கியை வாங்கி மேஜைமேல் வைத்தார்.

"அப்போ, இனிமே இந்த வேலையை யார் செய்வாங்க?"

வாசலில் நின்ற ஹசன் அலி வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினான். கண் கலங்கியிருந்தது.

ரெங்கராஜ் அவன் பக்கம் திரும்பாமலே கையைக் காட்டினார். "இவன்தான். போன நோம்புலேர்ந்து இவன்தான் செய்யிறான்."